உஷார்! உங்கள் டிவி கோள் சொல்கிறது

செய்ய வேண்டிய வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பேசுவோம். வீட்டில் சாம்சங் ஸ்மார்ட் டிவி இருந்தால் செட்டிங்ஸுக்குள் போய் 'டெர்ம்ஸ் அண்ட் பிரைவசி' என்ற பகுதியைத் தேடுங்கள். அதற்குள் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். எல்.ஜி. என்றால் 'லைவ் ப்ளஸ்' என்பதை அணைத்துவிட்டு, 'யூசர் அக்ரிமென்ட்ஸ்' பக்கத்தில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன்' ஒப்புதலையும் நீக்குங்கள். சோனியின் பல மாடல்களில் 'சாம்பா இன்டராக்டிவ் டிவி' என்ற பெயரில் இருக்கும். மாடலுக்கு மாடல் பெயரும் இடமும் மாறும். கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள், தேடிப் பிடியுங்கள். இன்றைக்கே செய்துவிடுங்கள்.

இந்த அவசரத்துக்குக் காரணம் ஏ.சி.ஆர். என்ற தொழில்நுட்பம். திரையில் என்ன ஓடுகிறது என்பதை டிவியே தானாகக் கண்டுபிடித்துக் கம்பெனிக்குச் சொல்லும் ஏற்பாடு அது. கேமரா வைத்து உங்கள் முகத்தைப் படம் பிடிப்பதல்ல. திரையில் வரும் படத்தையும் ஒலியையும் கணத்துக்குக் கணம் மாதிரி எடுத்து, அதிலிருந்து கைரேகை போல ஒரு குறியீட்டை உருவாக்கி, இன்டர்நெட் வழியாக சர்வருக்கு அனுப்பும். அங்கே ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகளின், விளம்பரங்களின் ரேகைகள் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தினால் போதும். இந்த வீட்டில் இத்தனை மணிக்கு இந்தச் சீரியலின் இந்தக் காட்சி ஓடியது, நடுவில் இந்த விளம்பரம் வந்ததும் சேனலை மாற்றினார்கள் என்பது வரை பதிவாகிவிடும்.

2024-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம், மாட்ரிட் மூன்றாம் கார்லோஸ் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து சாம்சங், எல்.ஜி. டிவிகளின் நெட்வொர்க் போக்குவரத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். சாம்சங் அரை விநாடிக்கு ஒரு முறையும் எல்.ஜி. 10 மில்லி விநாடிக்கு ஒரு முறையும் திரையை மாதிரி எடுக்கின்றன என்று அவர்களுடைய ஆய்வறிக்கை சொல்கிறது. சேர்த்துவைத்த ரேகைகளை எல்.ஜி. 15 விநாடிக்கு ஒரு தடவையும் சாம்சங் நிமிடத்துக்கு ஒரு தடவையும் அனுப்புகின்றன. நெட்ஃப்ளிக்ஸ், யூடியூப் போன்ற வெளி ஆப்கள் ஓடும்போது இந்த வேலை நடக்கவில்லை என்பதையும் அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எச்.டி.எம்.ஐ. கேபிளில் வேறு கருவியைச் செருகி, டிவியை வெறும் திரையாகப் பயன்படுத்தும்போதும் அது ரேகை எடுத்து அனுப்புகிறது.

இந்த எச்.டி.எம்.ஐ. விவரத்தை நம் வீட்டுக்குள் வைத்துப் பாருங்கள். டி.டி.எச்., கேபிள் எதுவானாலும் செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்கு வரும் கம்பி பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ. தான். ஆபீஸ் லேப்டாப்பைப் பெரிய திரையில் போட்டு வேலை பார்ப்பதும் அதே கம்பியில்தான். வாசல் சி.சி.டி.வி.யின் பதிவுப் பெட்டியை ஹால் டிவியில் செருகி வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ. லேப்டாப்பில் உள்ளதை டிவி படித்துவிடுகிறது என்று நான் சொல்லவில்லை. தெரிந்த நிகழ்ச்சிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்குத்தான் அந்த ரேகை. ஆனாலும் நான் செருகிய கம்பியில் வருவதை மாதிரி எடுக்க இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

நாம்தான் கொடுத்தோம் என்பார்கள். எப்படிக் கொடுத்தோம் என்பதைப் பார்க்க வேண்டும். புது டிவி வீட்டுக்கு வருகிறது. இன்ஸ்டலேஷனுக்கு ஒரு தம்பி வருகிறார். சுவரில் துளை போட்டு, பிராக்கெட் மாட்டி, டிவியைத் தூக்கி வைத்து ஆன் செய்கிறார். வை-ஃபை பாஸ்வேர்டு என்னவென்று கேட்கிறார், சொல்கிறோம். அடுத்து ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பக்கம் வருகிறது. அவர் கீழே கீழே என்று அழுத்திக்கொண்டே போய் 'அக்ரீ ஆல்' பொத்தானில் ஓகே கொடுக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அன்றைக்கு அவர் இன்னும் நாலு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். நாம் பின்னால் நின்று படம் பளிச்சென்று வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஒரு அழுத்தலில் குடும்பத்தில் உள்ள அத்தனை பேருடைய சம்மதமும் போய்விட்டது. பணம் கட்டியவர் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. பாட்டிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. இதைத்தான் கம்பெனிகள் ஒப்புதல் என்று கணக்கில் எழுதிக்கொள்கின்றன.

அமெரிக்காவில் நடந்ததைப் பார்த்தால் இதன் விபரீதம் புரியும். விசியோ என்ற டிவி கம்பெனி 2014 பிப்ரவரியிலிருந்து தன் டிவிகளில் இந்த வேலையைத் தொடங்கியது. ஏற்கெனவே விற்றுப்போய் மக்கள் வீட்டில் இருந்த பழைய டிவிகளிலும் அப்டேட் வழியாக இதை ஏற்றியது. 'ஸ்மார்ட் இன்டராக்டிவிட்டி' என்று பெயர் வைத்து, நிகழ்ச்சிப் பரிந்துரைகளுக்கான வசதி என்று மட்டும் எழுதிவைத்தது. 1.1 கோடி டிவிகளிலிருந்து விநாடிக்கு விநாடி விவரம் போனது. பார்த்த விவரத்தோடு ஐ.பி. முகவரியைச் சேர்த்துத் தரவு வணிகர்களிடம் கொடுக்க, அவர்கள் அந்த வீட்டில் இருப்பவர்களின் வயது, பாலினம், வருமானம், திருமணமானவரா, எத்தனை பேர், என்ன படிப்பு, சொந்த வீடா என்பதையெல்லாம் ஒட்டவைத்தார்கள். பெயரைச் சேர்க்கக் கூடாது என்று மட்டும் ஒப்பந்தம். இத்தனையும் தெரிந்த பிறகு பெயர் எதற்கு?

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் நியூஜெர்சி மாநிலமும் வழக்குப் போட்டு, 2017 பிப்ரவரியில் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு விசியோ வெளியே வந்தது. வகுத்துப் பாருங்கள். ஒரு டிவிக்கு 20 சென்ட், அன்றைய மதிப்பில் 13 ரூபாய் சொச்சம். வாடிக்கையாளர்கள் தனியாகத் தொடுத்த வழக்கில் பிறகு 1.7 கோடி டாலர் கொடுக்க வேண்டி வந்தது. அதுவும் ஒரு குடும்பத்துக்கு என்று பிரித்தால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வருமா என்பதே சந்தேகம்.

அத்தோடு திருந்தினார்களா என்றால், அதே தொழிலை ஒப்புதல் பக்கத்தோடு இன்னும் பெரிதாகச் செய்தார்கள். அந்தக் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவர் பில் பாக்ஸ்டர் 2019 ஜனவரியில் ஒரு பேட்டியில், டிவி விற்பதில் லாபம் மிகக் குறைவு, விற்ற பிறகு வரும் வருமானத்தை நம்பித்தான் விலையைக் குறைக்க முடிகிறது என்று வெளிப்படையாகவே சொன்னார். 2021-இன் மூன்றாம் காலாண்டில் விளம்பரம், தரவு ஆகியவற்றிலிருந்து விசியோவுக்கு வந்த மொத்த லாபம், டிவிப் பெட்டிகளை விற்று வந்த லாபத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. 2024-இல் வால்மார்ட் 230 கோடி டாலர் கொடுத்து அந்தக் கம்பெனியையே வாங்கிக்கொண்டது. ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனி எதற்கு டிவி கம்பெனியை வாங்குகிறது? எந்த விளம்பரத்தைப் பார்த்தவர் எந்த சோப்பை வாங்கினார் என்று கணக்கு முடிக்கத்தான் என்பது என் கருத்து.

55 இன்ச் டிவி இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே என்று பண்டிகைக் கால தள்ளுபடியில் சந்தோஷப்படுகிறோம். பாக்கி விலையைத் தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

"நாங்க என்ன பெரிசா மறைக்கிறதுக்கு இருக்கு? சீரியலும் நியூஸும்தான் பாக்குறோம்" என்று பலர் சொல்வார்கள். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாமா? கட்சிக்கொரு சேனல் இருக்கும் ஊர் இது. கலைஞர் டிவி, ஜெயா டிவி, மக்கள் டிவி, கேப்டன் டிவி என்று கட்சிச் சார்போடு பிறந்த சேனல்கள் எத்தனை! ஒரு வீட்டில் ராத்திரி எட்டு மணிச் செய்தியை எந்த சேனலில் பார்க்கிறார்கள் என்பது மூன்று மாதத்துக்குத் தெரிந்தால் அந்த வீட்டு ஓட்டு எங்கே போகும் என்று பூத் ஏஜென்ட்டே ஊகித்துவிடுவார். காலையில் மாதா டிவி ஓடுகிறதா, திருமலையிலிருந்து வரும் சுப்ரபாதம் ஓடுகிறதா என்பதில் மதம் தெரிகிறது. சர்க்கரை நோய் டாக்டர் பேசும் நிகழ்ச்சியை விடாமல் பார்ப்பவர் வீட்டில் யாருக்கோ சர்க்கரை. பகல் முழுக்க கார்ட்டூன் ஓடினால் சின்னப் பிள்ளை இருக்கிறது. பத்து நாள் டிவி போடவே இல்லை என்றால் வீடு பூட்டியிருக்கிறது. அமெரிக்காவில் தேர்தல் விளம்பரங்களை இந்த ஏ.சி.ஆர். தரவை வைத்து வீடு வீடாகக் குறிபார்த்து விற்கிறார்கள். சாம்சங், எல்.ஜி. இரண்டுக்கும் இந்தியாவில் விளம்பரம் விற்பதற்கென்றே தனிப் பிரிவுகள் உண்டு. அந்த வித்தை நமக்கு வந்து சேர அதிக நாள் ஆகாது.

டிவி மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். 2017 டிசம்பரில் ஒரு விவகாரம் வெளியானது. அல்ஃபான்சோ என்ற கம்பெனியின் மென்பொருள், கூகுள் பிளேயில் இருந்த சுமார் 250 கேம்களுக்குள் இருந்தது. கேமுக்குச் சம்பந்தமே இல்லாமல் போனின் மைக்கை எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஓடும் டிவியின் ஒலியைக் கேட்டு, எந்த விளம்பரம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்கும். குழந்தைகள் விளையாடும் கேம்களும் அதில் இருந்தன. 2021 ஜனவரியில் எல்.ஜி. அந்தக் கம்பெனியின் பாதிக்கும் மேற்பட்ட பங்குகளை வாங்கியது. இன்றைக்கு எல்.ஜி.யின் டிவி விளம்பரப் பிரிவு அதிலிருந்து வளர்ந்ததுதான்.

அதே எல்.ஜி. 2013-இலேயே பிடிபட்ட கதையும் இருக்கிறது. பிரிட்டனில் கம்ப்யூட்டர் ஆலோசகர் ஒருவர் தன் வீட்டு டிவி வெளியே என்ன அனுப்புகிறது என்று ஆராய்ந்தார். கண்காணிப்பை அணைத்து வைத்த பிறகும் சேனல் மாற்றும் விவரம் போய்க்கொண்டிருந்தது. சோதனைக்காக ஒரு வீடியோவுக்குத் தனியாகப் பெயர் வைத்து யு.எஸ்.பி.யில் போட்டுச் செருகினார். அந்தப் பெயரும் போனது. விஷயம் பெரிதான பிறகு, சரிசெய்ய அப்டேட் தருகிறோம் என்று கம்பெனி சொன்னது. வேண்டுமென்றே செய்தார்களா, மென்பொருளைச் சரியாகச் சோதிக்காமல் விட்டார்களா என்பது இரண்டாவது கேள்வி. 'ஆஃப்' என்று திரையில் எழுதியிருந்தது, ஆஃப் ஆகவில்லை. ஒரு மின்சார சுவிட்ச் அப்படி இருந்தால் அந்தக் கம்பெனியின் பொருளைக் கடையில் வைக்க விடுவோமா? மென்பொருள் என்றதும் ஏன் இத்தனை பொறுமை நமக்கு?

முன்பு சொன்ன ஆய்வாளர்கள் 2024-இல் சோதித்தபோது, அமைப்பை முறையாக அணைத்ததும் ஏ.சி.ஆர். சர்வர்களுக்குப் போகும் போக்குவரத்து நின்றுவிட்டது. அதனால்தான் முதலிலேயே அணைக்கச் சொன்னேன். ஆனால் அப்டேட் என்ற பெயரில் எது எப்போது திரும்பி வரும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. 2024 மார்ச்சில் அமெரிக்காவில் ரோக்கு டிவிகளை ஆன் செய்தவர்களுக்குத் திரையில் புது நிபந்தனைகள் வந்து நின்றன. 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தாமல் சொந்த டிவியைப் பார்க்க முடியாது. வேண்டாம் என்பவர் கம்பெனிக்குத் தபாலில் கடிதம் எழுத வேண்டும். 2025 டிசம்பரில் எல்.ஜி. டிவிகளில் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு மைக்ரோசாஃப்டின் ஏ.ஐ. உதவியாளர் கோபைலட் தானாக வந்து உட்கார்ந்தது, நீக்கவும் வழியில்லை. மக்கள் சத்தம் போட்ட பிறகுதான் நீக்க வழி செய்வதாகச் சொன்னார்கள். காசு கொடுத்து வாங்கி, நம் சுவரில், நம் கரண்டில் ஓடுகிற பொருள் இது!

எனக்கு ஆத்திரம் வருவது இன்னொரு விஷயத்திலும். எங்கள் வீட்டு டிவி, கம்பெனி பெயர் வேண்டாம், வாங்கிய மூன்றாவது வருஷமே யூடியூபைத் திறக்கத் திணற ஆரம்பித்தது. ரிமோட்டில் வால்யூமை அழுத்தினால் யோசித்து யோசித்துக் கூடுகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால், "இந்த மாடலுக்கு இனிமே அப்டேட் வராது சார், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்க" என்கிறார்கள். ஆனால் முகப்புத் திரையின் தலையில் விளம்பரம் மட்டும் ஒரு நாள் தவறாமல் புதிதாக வந்து நிற்கிறது. எந்த மென்பொருளுக்கு ஆள் போட்டு வேலை வாங்குகிறார்கள், எதை அம்போவென்று விடுகிறார்கள் என்று அந்தத் திரையைப் பார்த்தாலே தெரிகிறது.

2025 டிசம்பரில் டெக்சாஸ் மாநில அரசு சாம்சங், எல்.ஜி., சோனி, ஹைசென்ஸ், டி.சி.எல். ஆகிய ஐந்து கம்பெனிகள் மீதும் இந்த ஏ.சி.ஆர். விவகாரத்துக்காக வழக்குப் போட்டது. உள்ளே இழுப்பதற்கு ஒரு அழுத்தல் போதும், வெளியே வரப் பல மெனுக்களுக்குள் புகுந்து பத்துக்கும் மேற்பட்ட அழுத்தல்கள் வேண்டும் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. கோர்ட் என்ன சொன்னாலும் சரி, ரிமோட்டை எடுத்துத் தேடிப் பார்ப்பவருக்கு அந்த அலைச்சல் தெரிந்துவிடும்.

நம் நாட்டில் சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. கம்பெனிகள் மீதான முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம், அதாவது 2027 மே. அந்தச் சட்டத்தில் நல்ல அம்சங்கள் உண்டு. ஒப்புதல் என்பது விவரம் தெரிந்து, சுதந்திரமாக, இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிட்டுத் தரப்பட வேண்டும். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும், ஆகவே தமிழிலும், படிக்க வசதி தர வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் நடத்தையைக் கண்காணிக்கவோ அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யவோ கூடாது. ஹாலில் இருக்கும் டிவியின் முன்னால் உட்கார்ந்திருப்பது ஐந்து வயதா ஐம்பது வயதா என்று தெரியாமலேயே அளக்கும் கருவி இந்த விதியை எப்படிக் காப்பாற்றும் என்று கம்பெனிகள் நமக்கு இன்றே பதில் சொல்ல வேண்டும். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். யாருடைய விவரம் போனதோ அவருக்கு இந்தச் சட்டத்தில் நஷ்ட ஈடு கிடையாது. இதை மாற்றச் சொல்லி நாம் கேட்டாக வேண்டும்.

ஏ.சி.ஆரைவிடப் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது. பிராண்ட் பெயரே தெரியாத மலிவு ஆண்ட்ராய்டு பெட்டிகள். "ஒரு தடவை வாங்கினா போதும், எல்லா சேனலும், எல்லா ஓ.டி.டி.யும் ஃப்ரீ" என்று சொல்லி விற்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்கள் தமிழ்ச் சேனல்களுக்காக இப்படிப்பட்ட பெட்டிகளை வாங்குவது சகஜம். 2024 செப்டம்பரில் 'வோய்டு' என்ற தீம்பொருள் சுமார் 200 நாடுகளில் 13 லட்சம் ஆண்ட்ராய்டு டிவி பெட்டிகளில் பரவியிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. 2025 ஜூனில் 'பேட்பாக்ஸ் 2.0' பற்றி எஃப்.பி.ஐ. பொது எச்சரிக்கை விட்டது. அடுத்த மாதம் அதன் பின்னால் இருப்பவர்கள் மீது கூகுள் வழக்குப் போட்டபோது சொன்ன எண்ணிக்கை ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள். பல பெட்டிகளில் தீம்பொருள் நாம் வாங்குவதற்கு முன்பே உள்ளே வைக்கப்பட்டிருந்தது. அது செய்யும் காரியங்களில் ஒன்று, உங்கள் வீட்டு இன்டர்நெட் இணைப்பை வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுவது. எங்கோ இருக்கும் மோசடிக்காரன் உங்கள் ஐ.பி. முகவரி வழியாகத் தன் வேலையைச் செய்வான். போலீஸ் தடம் பிடித்து வந்தால் உங்கள் வாசலில்தான் நிற்கும். 'பிளே ப்ரொடெக்ட்' பாதுகாப்பை அணைக்கச் சொல்கிற பெட்டி, கூகுள் பிளே அல்லாமல் வேறு கடையிலிருந்து ஆப் இறக்கச் சொல்கிற பெட்டி, எல்லாம் இலவசம் என்கிற பெட்டி, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அதை இப்போதே கழற்றி வையுங்கள். ரீசெட் செய்து பயனில்லை, நோய் அடிமட்டத்திலேயே இருக்கிறது.

மறுபடி டிவிக்கு வருவோம். கேபிள் மட்டும் பார்க்கும் வீடாக இருந்தால் டிவிக்கு வை-ஃபை கொடுக்கவே வேண்டாம். இணைப்பு இல்லாவிட்டால் அது யாரிடம் கோள் சொல்லும்? ஏற்கெனவே கொடுத்திருந்தால் டிவியின் நெட்வொர்க் பகுதியில் 'ஃபர்கெட்' கொடுத்து, முடிந்தால் ரூட்டர் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். அமேசான் ஃபயர் ஸ்டிக் போன்றவற்றைச் செருகிக்கொண்டால் அது தன் பங்குக்கு விவரம் சேகரிக்கும். அதன் பிரைவசி செட்டிங்ஸையும் ஒரு முறை பாருங்கள். கூகுள் டிவியில் விளம்பர அடையாள எண்ணை அழிக்க வழி இருக்கிறது, அழியுங்கள். பேச்சுக் கட்டளை தேவையில்லை என்றால் மைக்கை அணையுங்கள். 2015-இல் சாம்சங்கின் பிரைவசி அறிக்கையிலேயே, குரல் வசதியைப் பயன்படுத்தும்போது சொந்த விஷயம் பேசினால் அதுவும் பதிவாகி வெளி நிறுவனத்துக்குப் போகக்கூடும் என்று எழுதியிருந்தது. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் இந்த இடங்களை எல்லாம் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் பணம் கட்டுவதற்கு முன், "ஏ.சி.ஆரை எங்க ஆஃப் பண்ணணும், செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரிந்திருக்காது. பத்து பேர் கேட்டால் மேனேஜருக்குப் போகும், நூறு பேர் கேட்டால் கம்பெனிக்குப் போகும். இன்ஸ்டலேஷனுக்கு ஆள் வந்தால் ஒப்புதல் பக்கம் வரும்போது ரிமோட்டை உங்கள் கையில் வாங்கிக்கொண்டு, கட்டாயமான நிபந்தனைகளுக்கு மட்டும் சம்மதம் கொடுத்து மற்றதை விடுங்கள். அவர் அவசரப்படுத்தினாலும் அந்த ஐந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய டிவியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதாக இருந்தால் வண்டியில் ஏற்றும் முன் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். உங்கள் ஜிமெயில், ஓ.டி.டி. கணக்குகள், வை-ஃபை பாஸ்வேர்டு எல்லாம் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றன.